மரவேலைக்கு எந்த சாஃப்ட்வேர்? முதலில் ஒரு டிராயர் வரைந்து பாருங்கள்

வீட்டிலேயே மரவேலை செய்யத் தொடங்குகிறவர்கள் ரம்பம், டிரில் எல்லாம் வாங்கி முடித்த பிறகு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "செய்வதற்கு முன்னால் வரைந்து பார்க்க எந்த சாஃப்ட்வேர் நல்லது?" கேட்கிறவர் ஏற்கெனவே ஐந்தாறு பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பார். எதில் படம் அழகாக வருகிறது, எதில் தேக்கின் ரேகை நிஜம்போலத் தெரிகிறது என்று ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் நான் சொல்வது இதுதான்: பெயர்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கைக்குக் கிடைக்கும் ஒன்றில், ஒரு டிராயர் வைத்த சின்னப் பெட்டியை வரையுங்கள். வரைந்து முடித்ததும் பிளைவுட்டின் தடிமனை மாற்றிப் பாருங்கள். கடைசியாக, வெட்ட வேண்டிய துண்டுகளின் பட்டியலை எடுங்கள். இந்த மூன்றும் எதில் உங்கள் பொறுமைக்குள் முடிகிறதோ அதைப் பழகுங்கள்.

ஒரு மேசையை வரைந்து பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். மேசைக்கு நான்கு கால், நான்கு சட்டம், மேலே ஒரு பலகை. எந்த சாஃப்ட்வேரிலும் அது வந்துவிடும், அதனால் எதையும் சோதித்ததாகாது. டிராயரில் ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி ஓட வேண்டும். ஒவ்வொரு அளவும் இன்னொரு அளவைச் சார்ந்து நிற்கும்.

கணக்கைப் பார்க்கலாம். கட்டிலருகே வைக்கும் ஒரு பெட்டி, வெளி அகலம் 450 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பக்கப் பலகைகள் 18 மி.மீ. பிளைவுட். இரண்டு பக்கத்துக்கும் 36 போனால் உள்ளே 414. கடையில் கிடைக்கும் சாதாரண டெலஸ்கோப்பிக் சேனல் (டிராயர் ஓடும் உலோகத் தண்டவாளம்) ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் இடம் கேட்கும். மி.மீ. கணக்கில் 12.7, தச்சர் கணக்கில் நான்கு நூல். இரண்டு பக்கமும் சேர்த்து 25.4. கொஞ்சம் தளர்வு விட்டு 26 கழித்தால் டிராயரின் வெளி அகலம் 388. டிராயரின் பக்கங்களுக்கு 12 மி.மீ. பலகை போட்டால், அவற்றுக்கு நடுவில் நிற்கும் முன் துண்டும் பின் துண்டும் 364. இதுவரைக்கும் ஒரு நோட்டுப் புத்தகமே போதும்.

இப்போது மைக்கா வருகிறது. நம் ஊரில் பிளைவுட்டை வெறுமனே விடுவது குறைவு. வெளிப்பக்கம் 1 மி.மீ. மைக்கா, உட்பக்கம் 0.8 மி.மீ. மைக்கா ஒட்டுவது பரவலான வழக்கம். பெட்டியின் உட்சுவர் இரண்டிலும் 0.8 ஒட்டியதும் 414 என்பது 412.4 ஆகிவிடுகிறது. டிராயர் அதே 388-இல் நின்றால் சேனல்களுக்கு மிஞ்சுவது 24.4. வேண்டியது 25.4. ஒரு மில்லிமீட்டர் குறைகிறது, டிராயர் இறுக்கிக்கொள்கிறது. டிராயரின் வெளிப்பக்கத்திலும் அதே 0.8 மைக்கா ஒட்டினால் இன்னொரு 1.6 போகும். பெட்டியின் வெளி அகலமும் 450 என்று இருக்காது, 452 ஆகியிருக்கும். இரண்டு சுவர்களுக்கு நடுவே நுழைக்கிற பெட்டி என்றால் அந்த 2 மி.மீ. பெரிய விஷயம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யூட்யூபில் நாம் பார்த்துப் பழகும் பாடங்களில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருபவை. அங்கே வீட்டுப் பட்டறைக்காரர் பிளைவுட்டுக்குப் பெரும்பாலும் பெயின்ட்டோ எண்ணெயோ அடித்து முடித்துக்கொள்கிறார். தடிமனில் ஒட்டுப்பொருள் கூடுகிற கணக்கு அவர் பாடத்தில் வராது. நம் வேலையில் அது ஒவ்வொரு துண்டிலும் வரும். போதாக்குறைக்கு, 18 மி.மீ. என்று வாங்குகிற பிளைவுட் நேரில் அளந்தால் 17-க்கும் 18-க்கும் நடுவில் எங்கேயோ நிற்பதும் உண்டு. ஆகவே தடிமனை மாற்றினால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் தருகிற சாஃப்ட்வேர் நமக்கு மற்ற எவரையும்விட அதிகமாகத் தேவைப்படுகிறது.

சரி, இப்போது பெயர்களுக்கு வரலாம்.

முதன்முதலாகப் பழகுகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது ஸ்கெட்ச்அப். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்ற ஊரில் ஒரு சின்ன நிறுவனம் 2000-இல் வெளியிட்ட சாஃப்ட்வேர் இது. கட்டடக் கலைஞர்களை மனதில் வைத்துச் செய்தது. 2006-இல் கூகுள் வாங்கியது. கூகுள் எர்த்தில் கட்டடங்களை முப்பரிமாணத்தில் நிறுத்த அப்போது அது பயன்பட்டது. இலவசமாகவும் கிடைத்ததால் உலகம் முழுக்க மரவேலைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 2012-இல் ட்ரிம்பிள் நிறுவனத்தின் கைக்குப் போனது. கணினியில் நிறுவிக்கொள்ளும் இலவசப் பதிப்பு 2017-உடன் நின்றுவிட்டது. இப்போது இலவசமாகக் கிடைப்பது பிரவுசரில் ஓடும் பதிப்பு. வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான் அனுமதி. வரைந்து கொடுத்துக் காசு வாங்க இதைப் பயன்படுத்தக் கூடாது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பலகையைக் கையாள்வதும் இதில் வரைவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒரு செவ்வகம் போட்டு, 450,400 என்று அளவைத் தட்டி என்டர் அழுத்த வேண்டும். பிறகு அந்த முகத்தைப் பிடித்து மேலே இழுத்து 18 என்று தட்டினால் பலகை வந்துவிடும். அளவைத் தட்டுவதற்கு எந்தக் கட்டத்தையும் தேடிக் கிளிக் செய்ய வேண்டியதில்லை. மில்லிமீட்டரில் வரைந்துகொண்டிருக்கும்போதே அடிக்கும் அங்குலத்துக்கும் உரிய குறியைப் போட்டு 2 அடி என்று தட்டினால் அதுவே மாற்றிக்கொள்ளும். அடி, அங்குலம், நூல் என்று யோசிக்கும் மூளைக்கும் மி.மீ.-இல் விற்கும் கடைக்கும் நடுவில் நிற்கிற நமக்கு இது பெரிய வசதி.

ஸ்கெட்ச்அப்பில் ஒரே ஒரு பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பலகையை இழுத்து முடித்த உடனே, அடுத்த கோடு போடுவதற்கு முன்னால், அதை முழுதாகத் தேர்வு செய்து ஜி விசையை அழுத்திக் 'காம்பொனென்ட்' ஆக்கிவிட வேண்டும். ஆக்காமல் விட்டால் பக்கத்தில் வரையும் அடுத்த பலகை இதனுடன் ஒட்டிக்கொள்ளும். ஒன்றை நகர்த்தினால் மற்றொன்றும் இழுபட்டு உருக்குலையும். "ஸ்கெட்ச்அப் எனக்குச் சரிப்படவில்லை" என்று விட்டுவிட்டவர்களிடம் விசாரித்தால் அநேகமாக இந்த இடத்தில்தான் வெறுத்துப்போயிருப்பார்கள். காம்பொனென்ட் ஆக்கும்போதே பெயரும் வைத்துவிடலாம்: பெட்டி இடப்பக்கம், பெட்டி அடிப்பலகை, டிராயர் முன்முகம். ஒரே மாதிரியான துண்டுகளை ஒன்றிலிருந்து நகலெடுத்துக்கொண்டால், ஒன்றின் உள்ளே போய்த் திருத்துவது எல்லா நகலிலும் தானாக ஏறிவிடும். டிராயரின் இரு பக்கங்கள், அலமாரியின் ஐந்து தட்டுகள் எல்லாவற்றுக்கும் இது உதவும்.

தடிமன் சோதனையில் ஸ்கெட்ச்அப் எப்படி? பாதி தேறும். பக்கப் பலகை 18-இலிருந்து 16 ஆனால், பலகையை மாற்றுவது எளிது. ஆனால் அதை நம்பி நிற்கும் அடிப்பலகை, டிராயர், முன்முகம் எல்லாவற்றையும் நாமே போய் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். ஒரு பெட்டிக்கு இது பெரிய வேலை கிடையாது. நான்கு கதவு வைத்த அலமாரிக்கு நிச்சயம் பெரிய வேலை.

பட்டியல் சோதனையிலும் அப்படித்தான். ஓபன்கட்லிஸ்ட் என்று ஓர் அருமையான இலவச இணைப்பு (எக்ஸ்டென்ஷன்) உண்டு. துண்டுகளைத் தடிமன் வாரியாகப் பிரித்து, நீள அகலத்துடன் பட்டியல் போட்டு, 8-க்கு 4 அடி ஷீட்டில் எப்படி அடுக்கி வெட்டலாம் என்ற படமும் கொடுக்கும். ஆனால் அது கணினியில் நிறுவும் ஸ்கெட்ச்அப்பில்தான் ஓடும். பிரவுசரில் ஓடும் இலவசப் பதிப்பில் எந்த இணைப்பையும் சேர்க்க முடியாது. அங்கே நாமே ஒவ்வொரு துண்டையும் அளந்து எழுத வேண்டும். பத்துப் பன்னிரண்டு துண்டுகள் உள்ள வேலைக்கு அப்படிக் கையால் எழுதுவதை நான் குறையாக நினைப்பதில்லை. எழுதும்போதுதான் ஒவ்வொரு துண்டும் எதனுடன் சேர்கிறது என்பது மனதில் பதிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பின் டச்பேடில் இதைப் பழக முயலாதீர்கள். சக்கரம் வைத்த சாதாரண மவுஸ் ஒன்று வாங்குங்கள். சக்கரத்தை உருட்டினால் கிட்டே தூரே போகலாம், அழுத்திப் பிடித்து நகர்த்தினால் பெட்டியைச் சுற்றிப் பார்க்கலாம். சாஃப்ட்வேர் கடினம் என்று பலர் நினைப்பதில் பாதி டச்பேடின் கடினம்.

அடுத்தது ஃப்ரீகேட். இதைப் பற்றி எனக்குத் தனி மரியாதை உண்டு. 2002-இலிருந்து திறந்த மூல மென்பொருளாக வளர்ந்துவந்து, 2024 நவம்பரில்தான் 1.0 பதிப்பு என்று தங்கள் படைப்புக்கு எண் கொடுத்தார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இணையம் தேவையில்லை. கோப்பு உங்கள் கணினியில் உங்களிடமே இருக்கும். கணக்கு திறக்க வேண்டாம், வியாபாரத்துக்கும் தடையில்லை. நாளைக்கு ஒரு நிறுவனம் கொள்கையை மாற்றிக்கொண்டதால் உங்கள் வரைபடங்கள் பூட்டப்பட்டுவிடும் என்ற பயமும் இல்லை. வீட்டுக்கு வேண்டிய சாமான்களைப் பத்துப் பதினைந்து வருடம் செய்யப் போகிறவருக்கு இது சின்ன விஷயமே அல்ல.

தடிமன் சோதனையில் ஃப்ரீகேட்டை மிஞ்சுவது கஷ்டம். உள்ளேயே ஒரு அட்டவணை உண்டு, எக்செல் போல. அதில் பிளைவுட் தடிமன் 18, உள் மைக்கா 0.8, வெளி மைக்கா 1, சேனல் இடைவெளி 13, வெளி அகலம் 450 என்று எழுதி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் வைக்கலாம். பலகைகளின் அளவுகளை எண்ணாகத் தட்டாமல், இந்தப் பெயர்களை வைத்துச் சூத்திரமாகக் கொடுக்க வேண்டும். டிராயர் அகலம் என்றால், வெளி அகலத்திலிருந்து இரண்டு தடிமன், இரண்டு மைக்கா, இரண்டு சேனல் இடைவெளியைக் கழித்தது. கடையில் பலகையை அளந்து பார்த்து 17.5 என்று தெரிந்தால், அட்டவணையில் ஒரே ஓர் இடத்தில் மாற்றினால் போதும். சூத்திரத்தில் கட்டிய ஒவ்வொரு துண்டும் அடுத்த நொடியில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இதை முதன்முறை கண்ணால் பார்க்கும்போது கிடைக்கும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே பழகலாம்.

மரவேலைக்கென்றே 'உட்வொர்க்கிங்' என்ற கூடுதல் பகுதியும் ஃப்ரீகேட்டின் துணைநிரல் பட்டியலிலேயே கிடைக்கும். பலகைகளை நேரடியாகப் போட, இரண்டு பலகைகளுக்கு நடுவே தட்டு பொருத்த, வெட்டுப் பட்டியல் எடுக்க அதில் வசதி இருக்கிறது. பழைய காணொளிகளில் ஃப்ரீகேட்டைப் பற்றி ஒரு புகார் கேட்டிருப்பீர்கள்: முன்னால் செய்த ஒன்றைத் திருத்தினால் அதன் முகத்தை நம்பிப் பின்னால் வரைந்தவை இடம் மாறிப் போய்விடும் என்று. 1.0-இல் அதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். ஆகவே பாடம் தேடும்போது 1.0-க்குப் பிறகு வந்தவையாகப் பார்த்துத் தேடுங்கள்.

அப்படியென்றால் ஏன் எல்லாருக்கும் ஃப்ரீகேட்டைச் சொல்லவில்லை? பழக நாளாகும். எந்தப் பணிமேடையில் (வொர்க்பெஞ்ச் என்ற கருவித் தொகுப்பில்) எதைச் செய்ய வேண்டும் என்பது புரியவே சில வாரங்கள் பிடிக்கும். ஒரு செவ்வகத்தை வரைந்தால் போதாது, அதன் ஒவ்வொரு பக்கமும் எதனால் கட்டுப்படுகிறது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு செருப்பு ஸ்டாண்ட் செய்யலாம் என்று உட்கார்ந்தவரை இது பட்டறைக்குப் போகவே விடாது. என் கருத்து: முதல் சில பெட்டிகளை ஸ்கெட்ச்அப்பில் செய்யுங்கள். அளவுகளைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டிய அலமாரி, சமையலறை கேபினட் என்று போகும்போது ஃப்ரீகேட்டுக்கு வாருங்கள். கணினி நிரலோ எக்செல்லோ தினமும் புழங்குகிறவர் என்றால் நேராகவே வரலாம். அந்த மூளைக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

ஆட்டோடெஸ்க்கின் ஃப்யூஷனும் சூத்திரத்தில் கட்டும் வகைதான். ஃப்ரீகேட்டைவிட மெருகான சாஃப்ட்வேர், பாடங்களும் ஏராளம். சொந்த உபயோகத்துக்கு இலவச உரிமம் உண்டு. ஆனால் ஒரே நேரத்தில் பத்துக் கோப்புகளைத்தான் திருத்தும் நிலையில் வைத்துக்கொள்ளலாம், லினக்ஸில் ஓடாது, கணினியும் கொஞ்சம் வலுவாக இருக்க வேண்டும். பிற்பாடு கணினி ஓட்டும் சிஎன்சி இயந்திரத்தில் வெட்டும் யோசனை இருந்தால் ஃப்யூஷன் நல்ல தேர்வு. ஆன்ஷேப் முழுக்கப் பிரவுசரில் ஓடும், செல்பேசியிலும் திறக்கும். இலவசக் கணக்கில் நீங்கள் வரைவதெல்லாம் பொதுவில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கும். செருப்பு ஸ்டாண்டை யார் பார்த்தால் என்ன என்று நினைப்பவருக்குத் தடையில்லை.

டிங்கர்கேட் பள்ளிக் குழந்தைகள் முப்பரிமாணத்தில் யோசிக்கப் பழக மிக நல்லது. என் பரிந்துரையில் அதற்கு இடம் குழந்தைகளோடுதான். அது தொடங்கும்போது காட்டும் தளமே 200-க்கு 200 மி.மீ.; முப்பரிமாண அச்சுக்கான சின்னப் பொருள்களுக்காக உருவானது. அலமாரிக்கு அது வேண்டாம். ஸ்வீட் ஹோம் 3டி வேறு வகை: பலகை வரைய உதவாது, ஆனால் செய்யப்போகும் பெட்டியை அறையில் எங்கே வைத்தால் கதவு இடிக்காது, ஸ்விட்ச் போர்டு மறையாது என்று பார்க்க இலவசமாகக் கிடைக்கும் நல்ல கருவி.

எதில் வரைந்தாலும் அது சொல்லாதவை சில உண்டு. மரம் அசையும் என்று இந்த சாஃப்ட்வேர்களுக்குத் தெரியாது. திரையில் ஓர் அடி அகலப் பலகை எந்த மாதத்திலும் ஓர் அடிதான். உண்மையான மரம் ஐப்பசி மழையில் ஈரம் வாங்கி அகலவாக்கில் விரியும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. தேக்கு ஓரளவு அடங்கி நிற்கும், சரியாகக் காயாத மாம்பலகை நிற்காது. ஆகவே முழு மரத்தில் மேசைப்பலகை செய்கிறவர் அதைச் சட்டத்தோடு நாலாபக்கமும் இறுக்கித் திருகினால், வரைபடம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பலகை வெடிக்கும் அல்லது வளையும். திருகுத் துளையைப் பலகையின் அகலவாக்கில் நீட்டி விட்டு அசைய இடம் கொடுப்பது உங்கள் பொறுப்பு. பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்கும் ஒட்டியிருப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் தொய்வு உண்டு. 18 மி.மீ. தட்டை மூன்றடி நீளத்துக்கு நடுவில் தாங்கல் இல்லாமல் போட்டுப் புத்தகம் அடுக்கினால் நாளடைவில் நடுவில் இறங்கும். திரையில் அது நேராகவே நிற்கும். இரண்டரை அடிக்கு மேல் போனால் நடுவில் ஒரு தாங்கு பலகையோ முன்விளிம்பில் ஒரு பட்டையோ கொடுங்கள்.

எங்கள் தெருவில் நாற்பது வருடத்துக்கு மேல் மரவேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கதவும் சாளரமும் செய்தே பழகியவர். ஒரு அலமாரியின் வண்ணப் படத்தை அச்செடுத்துக் காட்டியபோது உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, "படம் நல்லாருக்கு தம்பி. அளவைச் சொல்லுங்க" என்றார். அலமாரியின் நிழல், பளபளப்பு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. எத்தனை துண்டு, என்ன அளவு, ரேகை எந்தப் பக்கம் ஓட வேண்டும், எந்த விளிம்பு வெளியே தெரியும் என்ற நான்கு தகவலைக் கேட்டார். அந்த நான்கையும் எந்த சாஃப்ட்வேர் சீக்கிரம் காகிதத்தில் இறக்கித் தருகிறது என்று பார்ப்பதுதான் என் வழக்கமாகிவிட்டது.

அந்தக் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லி முடிக்கிறேன். பிளைவுட் 8-க்கு 4 மட்டுமில்லை, 7-க்கு 4, 6-க்கு 4, 7-க்கு 3, 6-க்கு 3 என்ற அளவுகளிலும் கிடைக்கும். அடுக்கிப் பார்க்கும் வசதியில் இந்த அளவுகளையும் கொடுத்துப் பாருங்கள். சில வேலைகளுக்கு ஒரு 8-க்கு 4 ஷீட்டைவிட ஒரு 6-க்கு 3 ஷீட்டில் மிச்சம் குறைவாக இருக்கும். ரம்பம் தின்னும் அகலத்தை 3 மி.மீ. என்று கொடுக்க மறக்க வேண்டாம். ஒரு ஷீட்டில் நீளவாக்கில் ஏழெட்டு வெட்டு விழுந்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் தூளாகவே போய்விடும், 1,220 மி.மீ. ஷீட்டில் 305 அகலத்தில் நான்கு பட்டை வரும் என்று கணக்குப் போட்டால் நான்காவது அகலம் குறைந்து நிற்கும். ரேகை உள்ள மைக்காவோ வெனீரோ (மெல்லிய மரத்தோல்) போடுவதாக இருந்தால், துண்டைத் திருப்பி அடுக்கக் கூடாது என்ற பூட்டையும் போட்டுவையுங்கள்.

பட்டியலில் மி.மீ. அளவுக்குப் பக்கத்திலேயே அங்குலம்-நூல் கணக்கையும் எழுதிக் கொடுத்தால் தச்சரோடு பேசுவது சுலபம். 364 மி.மீ. என்றால் 14 அங்குலம் 3 நூலுக்கு ஏறக்குறைய ஒரு மி.மீ. குறைவு. இயந்திரத்தில் வெட்டிக்கொடுக்கும் கடையில் கொடுப்பதாக இருந்தால் மி.மீ. மட்டும் போதும். ஆனால் எந்தெந்த விளிம்புக்கு எட்ஜ் பேண்டிங் (விளிம்பை மூடி ஒட்டும் பட்டை) என்று ஒவ்வொரு துண்டுக்கும் கோடு போட்டுக் காட்டுங்கள். 2 மி.மீ. பேண்ட் ஒட்டுவதாக இருந்தால், கொடுத்திருக்கும் அளவு ஒட்டுவதற்கு முன்னாலா ஒட்டிய பிறகா என்று கேட்பார்கள். கேட்காத கடையும் இருக்கிறது, அதனால் பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்: "அளவுகள் அனைத்தும் பேண்ட் ஒட்டிய பிறகு."